வெட்டு விழும்போது



"தொழில் மந்தம். எல்லாத் துறைகளும் செலவில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்." நிறுவனங்களில் வழக்கமாக வரும் உத்தரவு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரியில் பாதித் தண்ணீர்தான் என்றால், விவரமான விவசாயி எல்லா வயலுக்கும் அரைத் தண்ணீர் பாய்ச்சமாட்டார். பாதியைத் தரிசாகப் போட்டு மீதியை விளைய வைப்பார். திட்டங்களுக்கும் அதே கணக்குதான்.

அமெரிக்காவின் நாசாவில் நடந்ததைப் பாருங்கள். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒரே விண்கலம் எட்டிப் பார்க்கத் தோதான அமைப்பு சுமார் 176 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். 1970களின் பிற்பகுதியில் வந்தது. அதற்காகப் பல கலங்களை அனுப்ப முன்கூட்டியே திட்டம் போட்டார்கள். மதிப்பீடு 100 கோடி டாலரை நெருங்கியது. நாசாவின் நிதியோ சரிந்துகொண்டிருந்த நேரம். திட்டம் கைவிடப்பட்டது. 1972இல் அதற்குப் பதிலாக அனுமதி கிடைத்தது இரண்டு கலங்களுக்கு. போகவேண்டிய இடம் வியாழனும் சனியும் மட்டும். செலவு சுமார் 36 கோடி டாலர்.

கலம் கிளம்பிய பிறகு மென்பொருளை மாற்றலாம். ஒரு திருகைக்கூடச் சேர்க்க முடியாது. அதனால், சனியோடு முடியும் பயணத்துக்கு அவசியமில்லாத ஒரு கருவியும் ஏற்றப்பட்டது. வெகுதூரத்திலிருந்து வரும் தகவலில் பிழை திருத்த உதவும் குறியீட்டுக் கருவி அது. வாயேஜர் என்று பெயரிடப்பட்ட அந்த இரண்டு கலங்களும் 1977இல் கிளம்பின. சனிக்கு அப்பாலும் போக அனுமதி வந்தபோது அந்தக் கருவி கைகொடுத்தது. மென்பொருளைப் பூமியிலிருந்தே மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். வாயேஜர் 2, 1986இல் யுரேனஸையும் 1989இல் நெப்டியூனையும் நெருங்கிப் பார்த்தது. இன்றுவரை அங்கே போன கலம் அது ஒன்றுதான்.

இப்போது இரண்டு வாயேஜர்களின் மின்சக்தியும் ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைகிறது. அதற்கேற்ப ஒவ்வொரு கருவியாக முழுதாக நிறுத்தி, மற்றவற்றை ஓடவிடுகிறார்கள்.

ஆள் குறைப்பும் நடந்தது. நெப்டியூனுக்குப் பிறகு குழு மிகவும் சுருங்கியது. 2017இல், 37 ஆண்டுகளாகத் தொடாத உந்திகளை வாயேஜர் 1இல் இயக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய பதிவுகளைத் தேடியெடுத்து, வழக்கொழிந்த கணினி மொழியில் இருந்த நிரலைப் படித்து, இயக்கியும் காட்டினார்கள். நம் அலுவலகங்களிலோ ஒருவரை, எதையும் எழுதி வாங்காமல் அவசரமாக அனுப்பிவிட்டு, அடுத்த மாதமே அவருக்குப் போன் போடுகிறோம்.

எனவே, வெட்டு விழும்போது வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்: பின்னால் சேர்த்துக்கொள்ளக் கூடியவை, இப்போது விட்டால் திரும்பக் கிடைக்காதவை. முதல் வகையைத் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட்டதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டாவது வகையில் கை வைக்காதீர்கள். போகிறவரின் கடைசி நாட்களை, அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்க ஒதுக்குங்கள். முக்கியமாக, ஆளைக் குறைக்கும் உத்தரவிலேயே எந்த வேலை நிறுத்தப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், போகிறவரின் வேலை முழுவதும் பக்கத்து மேசைக்காரர் தலையில்தான் விழும். அடுத்து ராஜினாமா கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார்.