பயிற்சி ஆண்டு யாருக்காக?



அணு மருத்துவத் தொழில்நுட்பக் கல்வியைப் பற்றிப் பேசப் புதுச்சேரியில் கூடியிருக்கிறோம். மருத்துவம் கற்பிப்பது இந்த ஊருக்குப் பழைய வேலை. 1823-இல் பிரெஞ்சு ஆட்சி இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போனபின் 1956-இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-இல் அது ஜிப்மர் ஆனது. இன்று அதே ஜிப்மரில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அணு மருத்துவத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு, அதற்குமேல் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அந்த நான்காவது ஆண்டைப் பற்றி மட்டுமே இங்கு பேச விரும்புகிறேன். பாடத்திட்டத்துக்கும் தேர்வு முறைக்கும் தனி அமர்வுகள் இருக்கின்றன. பயிற்சி ஆண்டுக்கு நிகழ்ச்சி நிரலில் இடம் குறைவு. பல கல்லூரிகளின் அக்கறையிலும் அதற்கு இடம் குறைவாகவே இருப்பதைப் பார்த்துவருகிறேன்.

நம் துறையின் மூலவர்களில் பலர் பிரான்சு நாட்டவர். 1896-இல் பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டார். கியூரி தம்பதியர் அதைத் தொடர்ந்தார்கள். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அதிகம் வராத செய்தி ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது மேரி கியூரி எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளைப் போர்முனைக்கு அனுப்பினார். வண்டி இருந்தது, இயக்க ஆள் இல்லை. எனவே பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மின்சாரமும் உடற்கூறும் படச்சுருள் கழுவுவதும் சொல்லிக்கொடுத்து, நேரே மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். கற்பித்தவர்களில் ஒருவர் அவருடைய மகள் ஐரீன். பதினெட்டு வயதில் பெல்ஜியத்தில் ஒரு கள மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவைத் தனியாக நடத்தியவர் அவர். அதே ஐரீன்தான் கணவர் ஃபிரெடெரிக் ஜோலியோவுடன் சேர்ந்து 1934-இல் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார். இன்று நாம் நோயாளிக்குச் செலுத்தும் ஐசோடோப்புகளெல்லாம் மனிதர் உண்டாக்கியவை. அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவை. ஆய்வகத்துக்குள் அவ்வளவு ஆழமாகப் போனவர், அதற்கு முன்பே காயம்பட்டவர்களின் அருகில் நின்று வேலை கற்றவர் என்பதை நம் மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

இப்போது கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஹாட் லேபுக்குள் வருவோம். காலை ஏழு மணிக்கு முன்பே அங்கே வேலை தொடங்கிவிடும். ஈயக் கவசத்துக்குள் ஜெனரேட்டர் இருக்கிறது. உள்ளே 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99 சிதைந்து சிதைந்து, 6 மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99எம்-ஐத் தந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் உப்புநீர்க் குப்பியையும் மறுபக்கம் காற்று நீக்கிய குப்பியையும் செருகினால், உப்புநீர் உள்ளே போய் டெக்னீசியத்தை மட்டும் அடித்துக்கொண்டு வெளியே வரும். நாங்கள் படித்த காலத்தில் இது இவ்வளவு சுலபமில்லை. மும்பையிலிருந்து பிரிட் நிறுவனம் அனுப்பும் மாலிப்டினக் கரைசலில் மெத்தில் எத்தில் கீட்டோனை ஊற்றி, கலக்கி, மேலே பிரிந்து நிற்கும் கரைப்பானை எடுத்து, ஆவியாக்கி, மிச்சத்தை உப்புநீரில் கரைக்க வேண்டும். அந்தத் தொல்லை போனதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த முறையில் வேதியியல் கண்முன் நடந்தது. இன்று அது பெட்டிக்குள் போய்விட்டதால், அதை வெளியே எடுத்துக் காட்டும் பொறுப்பு ஆசிரியர் தலையில் விழுந்திருக்கிறது.

கறந்த குப்பியை அப்படியே நோயாளிக்குப் போட முடியாது. மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குப்பியைத் தடித்த ஈயக் கூட்டில் வைத்து டோஸ் காலிபிரேட்டருக்குள் இறக்குகிறோம். டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஈயத்திலேயே நின்றுவிடும். மாலிப்டினத்தின் 740 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஈயத்தைத் தாண்டி வந்துவிடும். அப்படி வருவதை அளந்தால் கசிவு தெரியும். 1 மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முதலாண்டு இயற்பியல் வகுப்பில் ஒரு வரைபடமாகப் படித்தது, இங்கே ஒரு நோயாளியின் கல்லீரலுக்குத் தேவையில்லாமல் போகும் கதிர்வீச்சைத் தடுக்கிறது. கூட்டை மூடி எண்ணைப் படிக்கும் அந்த நேரத்தில் மாணவரின் பக்கத்தில் நின்று, "இந்த எண் ஏன் வருகிறது?" என்று கேட்க ஒருவர் இருந்தால் அது பயிற்சி. யாரும் கேட்காமல் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகச் சொன்னால் அது வெறும் ஆள்வேலை.

இன்னொன்று சொல்கிறேன். எலும்பு ஸ்கேனுக்கான எம்.டி.பி. மருந்துக் குப்பியில் டெக்னீசியத்தைச் சேர்க்கும்போது காற்றுக் குமிழி உள்ளே போய்விட்டால், அதிலிருக்கும் வெள்ளீயம் ஆக்சிஜனோடு சேர்ந்து வீணாகிவிடும். டெக்னீசியம் மருந்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். மூன்று மணி நேரம் கழித்து காமா கேமராவில் பார்த்தால் எலும்போடு தைராய்டும் இரைப்பையும் சேர்ந்து ஒளிரும். படத்தைப் பார்த்த மாணவர், "இரைப்பையில் ஏதோ நோய் இருக்கிறது சார்" என்பார். நோயாளியின் வயிற்றில் எதுவும் இல்லை. காலையில் சிரிஞ்சில் இருந்த காற்றுதான் திரையில் தெரிகிறது. இதை ஒருமுறை தன் கையால் தயாரித்த குப்பியில் கண்ட மாணவர், டெக்னீசியம் மருந்தோடு ஒட்டியதா என்று காட்டும் காகித நிறப்பிரிகைச் சோதனையை அடுத்த நாள் முதல் தவிர்க்க மாட்டார். கேமரா அறையில் மட்டும் நிற்கும் மாணவருக்கு இந்தக் காரணம் எந்நாளும் விளங்காது. காலை ஹாட் லேபையும் மதியம் கேமரா அறையையும் ஒரே மாணவர், ஒரே நாளில், அதே நோயாளிகளோடு கடந்து வரும்படி பணி அட்டவணை போட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

அடுத்தது நோயாளியோடு பேசும் பேச்சு. இதைப் பாடமாக யாரும் வைப்பதில்லை. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஊசி அறையில் முதலில் கேட்கும் கேள்வியே, "கரண்டு வெப்பீங்களா?" என்பதுதான். கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இது படம் எடுக்க மட்டும், கரண்டு இல்லை, முடி கொட்டாது, நிறைய தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் மருந்து சீக்கிரம் வெளியே போய்விடும் என்று நான்கு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். மாகேயிலிருந்தும் ஏனாமிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு மலையாளமும் தெலுங்கும் தாய்மொழி. அவர்களுக்கு இந்த நான்கு வாக்கியத் தமிழை நாம் கற்றுத் தர வேண்டும்.

கருப்பமா என்று கேட்பது இன்னும் கடினம். புதிதாகக் கல்யாணமான பெண், பக்கத்தில் மாமியார். "ஆர் யூ பிரெக்னன்ட்?" என்று படிவத்தைப் பார்த்துப் படித்தால் "இல்லை" என்ற பதில்தான் வரும், உண்மை எதுவாக இருந்தாலும். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சும்மா? நாள் எதுவும் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டால் அந்தப் பெண் யோசித்துச் சொல்வார். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 கொடுக்கும் முன் இந்தக் கேள்வி ஒரு சிசுவின் உயிரைக் காக்கும். அந்தச் சிகிச்சைக்கு முன் அயோடின் குறைந்த உணவு சாப்பிட வேண்டும் என்கிறோம். வீராம்பட்டினத்து மீனவ வீட்டில் கடல் மீனையும் கருவாட்டையும் நிறுத்து என்பது லேசான செய்தியா? அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்பாமல், அந்த நாட்களில் என்ன சமைக்கலாம் என்று உட்கார்ந்து பேசும் பொறுமை வேண்டும். வீடு திரும்பியபின் பேரப்பிள்ளையைச் சில நாள் மடியில் வைக்கக் கூடாது என்பதை, அந்தப் பாட்டி மனம் உடையாமல் ஏற்கும்படி சொல்லவும் வேண்டும். இதையெல்லாம் ஒரு மூத்த தொழில்நுட்பர் பேசக் கேட்டுத்தான் மாணவர் கற்க முடியும். எனவே இந்தப் பேச்சுக்கும் மதிப்பெண் வையுங்கள்.

ஒரே மருத்துவமனையில் எல்லாவற்றையும் கற்க முடியுமா? முடியாது. சில இடங்களில் காமா கேமரா மட்டும் இருக்கும். சில இடங்களில் பெட் ஸ்கேன் இருக்கும், அயோடின் சிகிச்சைக்கான தனி அறைகளும் சிறுநீரைத் தேக்கிவைத்துப் பின் வெளியேற்றும் தொட்டிகளும் இருக்காது. சைக்ளோட்ரான் வெகு சில இடங்களில்தான். அதில் உண்டாகும், பெட் ஸ்கேனுக்கான புளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். அதைக் கொண்ட எஃப்.டி.ஜி. மருந்தைச் சென்னையில் நிரப்பிய குப்பி ஒன்று புதுச்சேரிக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆனால், புறப்பட்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். எத்தனை நோயாளிகளுக்கு அது போதும், யாரை முதலில் அழைப்பது, வழியில் போக்குவரத்து நெரிசல் என்றால் யாருடைய முறையை மாற்றுவது என்று கணக்குப் போட, குப்பி புறப்படும் இடத்தையும் வந்து சேரும் இடத்தையும் மாணவர் பார்த்திருக்க வேண்டும். 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலை நின்றபோது உலகெங்கும் மாலிப்டினத் தட்டுப்பாடு வந்தது. எங்கோ ஓர் உலை நின்றால் இங்கே ஒரு நோயாளியின் ஸ்கேன் தள்ளிப்போகும் தொழில் இது. புதுச்சேரி, வேலூர், சென்னை மையங்கள் தங்களுக்குள் மாணவர்களைச் சில வாரங்கள் பரிமாறிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா? இந்த அவையில் அந்த மூன்று ஊர்க்காரர்களும் இருக்கிறீர்கள். மாலைக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2021-இல் நிறைவேறிய தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்சார் ஆணையச் சட்டம் அணு மருத்துவத் தொழில்நுட்பரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சுகாதாரத் தொழில்சார் பட்டத்துக்குக் குறைந்தது 3600 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்கிறது. மணி நேரத்தை எண்ணுவது எளிது. அந்த மணி நேரத்தில் மாணவர் கோப்பு தூக்கினாரா, குப்பி தயாரித்தாரா என்பதை எண்ண வேறு பதிவேடு வேண்டும். வருகைக் கையெழுத்துக்குப் பதிலாக, எந்த வேலையை எத்தனை முறை செய்தார், யார் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது தனியே விடலாம் என்று தீர்மானிக்கப்பட்டது என எழுதும் பதிவேட்டை நான் கேட்கிறேன். கதிரியக்க மருந்தைத் தொடுமுன், நிறமேற்றிய வெறும் உப்புநீரோடு, டங்ஸ்டன் உறை போட்ட சிரிஞ்சில் கை பழகும்வரை பயிற்சி தரலாம். அதற்குச் செலவே இல்லை. டங்ஸ்டன் உறை கனமானது, வேகத்தைக் குறைக்கும். நோயாளி வரிசை நீளும்போது அதைக் கழற்றி வைக்கும் பழக்கம் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் மாதத்தில் திருத்தாவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.

பயிற்சி மாணவர் மீது படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. 18 வயது நிறையாதவரைப் பணியாளராக அமர்த்தவே கூடாது என்று 2004-ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. முதலாண்டில் நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குப் பதினேழுதான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவரின் கதிரளவுக் கணக்கு அவரோடு போக வேண்டும். பேட்ஜ் இன்னும் வரவில்லை, அதுவரை சும்மா நில்லுங்கள் என்று சொல்லி, சும்மா நிற்கவிடாமல் வேலையும் வாங்கும் இடங்களை அறிவேன். மேரி கியூரி 1934-இல் குருதி உற்பத்தி நின்று இறந்தார். ஐரீன் 1956-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவர்கள் வேலை தொடங்கிய காலத்தில் இந்த பேட்ஜ் இல்லை. நமக்கு இருக்கிறது, பேட்ஜ் இல்லாமல் எந்த மாணவரையும் ஹாட் லேபுக்குள் விடாதீர்கள்.

கடைசியாக ஊதியம். பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை தருவது நமக்குப் பழகிய நடைமுறை. அதே மருத்துவமனையில் அதே விடியலில் வந்து நிற்கும் தொழில்நுட்பப் பயிற்சியாளருக்குப் பல இடங்களில் எதுவும் இல்லை, அல்லது பேருந்துக்குக்கூடப் போதாத தொகை. அப்பா கொத்தனாராக இருக்கும் பிள்ளை நான்காவது ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது ஸ்கேன் மையத்தில் வேலைக்குச் சேர்வது இதனால்தான். ஆள் பற்றாக்குறையை நிரப்பப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளும் நிறுவனம், கற்பிப்பதும் இல்லை, கூலி தருவதும் இல்லை. இந்தக் கருத்தரங்கு நிறைவேற்றும் தீர்மானங்களில் உதவித்தொகைக்கு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பரிமாற்றப் பயிற்சிக்கு ஒன்று, பதிவேட்டுக்கு ஒன்று. வரைவுகளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், திருத்தித் தாருங்கள்.

முதல் அமர்வில் இந்த ஆண்டு பயிற்சி முடித்த மாணவர்கள் நால்வர் பேசுகிறார்கள். அவர்களை முதலில் பேசவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவன் நான்தான். பேராசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளத் தாளும் பேனாவும் மேசையில் இருக்கின்றன. மாணவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.