ஒப்படைத்த உடல்

ஜப்பானில் 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆபாசப் படைப்புகளைத் தண்டிக்கிறது. நிர்வாணப் புகைப்படக் கலை அச்சட்டத்தின் கண்ணெதிரிலேயே வளர்ந்தது.

நாவலாசிரியர் யுகியோ மிஷிமாவின் நூற்பெயரைத் தாங்கி, தாட்சுமி ஹிஜிகாட்டா 1959இல் ஆடிய நடனம் எய்கோ ஹோசோயேவை உலுக்கியது. 1961இல் அவர் 'ஆணும் பெண்ணும்' என்னும் தொகுதியைத் தந்தார். பெரும்பாலும் பெண்ணுடலையே நோக்கிவந்த காமிரா, அதில் ஆணுடலையும் அதே கருமையிலும் வெண்மையிலும் நிகராக நிறுத்தியது. 1963இல் வெளியான 'பாராகெய்' தொகுதிக்கு மிஷிமாவே தம் உடலை ஒப்படைத்தார். எழுதியவர் எழுதப்படும் பொருளானார்.

ஹோசோயே 2024இல் மறைந்தார். அவர் படங்கள் உணர்த்துவது கவிஞர்க்கும் உரியது: ஆடை களைவதால் மட்டும் உடல் கலையாகிவிடாது, பிறரைத் திறந்துகாட்ட விழைவோர் முதலில் தம்மைத் திறக்கத் துணிதல் வேண்டும்.