பீமன் பலமும் கண்ணன் புத்தியும்

(குன்றத்தூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



பலம் பெரிசா, புத்தி பெரிசா? நம்ம காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்திருக்கிறோம். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் எவ்வளவு பெரிசு! பீமன் கதாயுதத்தால் எவ்வளவு அடித்தும் அவன் சாயவில்லை. கண்ணன் தொடையைத் தட்டிக் காட்டினார். அங்கே அடித்ததும் விழுந்தான்.

கிரேக்கர் கதையிலும் அக்கிலீஸ் போன்ற பலசாலிகள் இருந்தும் 10 வருஷம் டிராய் கோட்டை விழவில்லை. ஒடிசியஸின் மரக்குதிரைத் தந்திரத்தால்தான் விழுந்தது.

ஆனால் ஒன்று, சகோதரிகளே. தொடையில் அடிப்பது போர்முறை கிடையாது. புத்தி முறைதவறியும் போகும்.

குழுக்களுக்குப் போகும்போது நாங்கள் பார்க்கிறோம்: மண் சுமப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர். கைநாட்டு வைப்பவரின் சேமிப்பும் அதே பாஸ்புக்கில்தான் இருக்கு. "அவங்க படிச்சவங்க, பார்த்துக்குவாங்க" என்று சும்மா இருந்துவிடுகிறோம். இது எழுதுபவருக்கும் நல்லதல்ல. நாளைக்குச் சந்தேகம் வந்தால் பழி அவர் தலையில்தான் விழும்.

அதனால் கூட்டம்தோறும் வரவு, செலவு, கடன் பாக்கியை எல்லார் காதிலும் விழும்படி வாசிப்போம். புரியலைன்னா, "திரும்ப வாசிம்மா" என்று கேட்போம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.