ஓர் ஏடு, பல சாளரங்கள்



நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூரில் உருவாகி, கடல் கடந்து சென்று, எங்கோ ஒருவர் உடுத்தும் ஒரு பனியனை மனத்திற் கொள்ளுங்கள். நூலாக வந்த அது பின்னல் எந்திரத்தில் துணியாகிறது. சாயப்பட்டறையில் நிறம் பெறுகிறது. வெட்டுமேசையில் துண்டுகளாகித் தையற்பொறியில் வடிவம் கொள்கிறது. சரிபார்ப்பவரின் கண்ணையும் இஸ்திரியின் சூட்டையும் கடந்து பெட்டியில் அடங்குகிறது. இவ்வேலைகள் யாவும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவன அல்ல. பின்னுபவர் ஒருவர், சாயமிடுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர் எனப் பிரிந்து நிற்பதே அவ்வூர்த் தொழிலின் இயல்பு.

பிரிந்து நிற்கும் இவர்களை ஒன்றாகப் பிணைப்பது யாது? கணக்கே. சாயத்திற்குச் சென்ற துணியின் எடை எவ்வளவு, திரும்பியது எவ்வளவு, தைத்த உருப்படிகள் எத்தனை, தரவேண்டிய கூலி யாது என்பவற்றில் ஐயம் எழுந்தால் உறவே முறிந்துவிடும். அனுப்பியவர் குறிப்பில் 500 கிலோ என்றும், பெற்றவர் குறிப்பில் 490 கிலோ என்றும் இருக்குமானால் எதை மெய்யெனக் கொள்வது? ஒரே செய்தியை நான்கு இடங்களில் எழுதி வைத்தால், நான்கும் என்றும் ஒத்திருத்தல் அரிது. குறிப்பேட்டை விடுத்துக் கணிப்பொறிக்கு மாறினும், ஒவ்வொரு பிரிவும் தனித்தனிக் கோப்பு வைத்திருக்குமாயின் இந்நோய் தீராது.

இதற்கு வழிகாட்டியவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகளை வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக வைக்கலாம். பொறிக்குள் அவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. அட்டவணைகளைப் பொதுவான எண் ஒன்றால் இணைக்கலாம். ஆர்டர் எண்ணைக் கொண்டு துணியின் எடையையும், தைத்த உருப்படிகளையும் ஒருசேரக் காண்பது போல என்க. இதுவே தொடர்புசார் தரவுத்தளம். இதனிடம் வினவுவதற்குரிய மொழியை டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்டனர். எஸ்.க்யூ.எல். என இன்று வழங்குவது அதன் வளர்ச்சியே.

ஏட்டை ஒன்றாக்கியதும் மற்றொரு வினா எழுகின்றது. எல்லாரும் எல்லாவற்றையும் காணலாமா? வெளிநாட்டு வணிகர் தரும் விலையைத் தையற்பிரிவு மேற்பார்வையாளர் அறிய வேண்டுவதில்லை. ஒருவர் கூலியை மற்றவர் காண வேண்டுவதில்லை. இங்கேதான் ‘வியூ’ எனப்படும் காட்சி உதவுகின்றது. காட்சி என்பது பெயரிட்டு வைத்த ஒரு வினா. சுவரில் அமைத்த சாளரம் போன்றது. சாளரம் தோட்டத்தைத் தன்னுள் வைத்திருப்பதில்லை; தோட்டத்தில் பூத்ததைக் காட்டுகின்றது. அவ்வாறே காட்சியும் செய்திகளைப் படியெடுத்து வைப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் மூல அட்டவணைகளிலிருந்து அன்றைய நிலையைத் தருகின்றது. சாளரத்தின்வழிப் பார்க்க உரிமை தந்து, மூல ஏட்டைத் தொடும் உரிமையை மறுக்கவும் இயலும்.

ஆயினும் காட்சிக்கு ஓர் எல்லை உண்டு. இன்று தைத்தவை 4,000 என ஒரு கூட்டுத்தொகையை அது காட்டுகிறது எனக் கொள்வோம். அதனை 4,100 எனத் திருத்துக என்றால், எவர் தைத்த எந்த வரியில் அந்த நூறைச் சேர்ப்பது? காட்சி விடை கூறாது. திருத்தம் மூலத்திலேயே நிகழ்தல் வேண்டும்.

அத்திருத்தத்தை ஒழுங்குபடுத்துவதே ‘ஸ்டோர்டு புரொசீஜர்’ எனப்படும் சேமித்த செயல்முறை. துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பும்போது நான்கு செயல்கள் நிகழ வேண்டும்: இருப்பு போதுமா எனப் பார்த்தல், இருப்பைக் குறைத்தல், சலான் எழுதுதல், பட்டறையின் கணக்கில் எடையை ஏற்றுதல். இருப்பைக் குறைத்தவுடன் மின்சாரம் நின்றுவிட்டால் 500 கிலோ துணி எவர் கணக்கிலும் இன்றி மறைந்துபோகும். ஆகவே இந்நான்கினையும் ஒரு பெயரின்கீழ்த் தரவுத்தளத்திலேயே எழுதி வைத்து, நிகழ்ந்தால் நான்கும் நிகழ்க, இன்றேல் ஒன்றும் நிகழாதொழிக என விதிக்கின்றனர். எழுத்தர் அதனை அழைக்கலாம். இடையில் ஒரு படியைத் தாண்டிச் செல்ல இயலாது.

இனி ஓர் எச்சரிக்கை. விதியை ஓரிடத்தில் வைப்பதால் நன்மை அனைவருக்கும் சேர்வது போலப் பிழையும் அனைவரையும் சேரும். பீஸ் ரேட் எனப்படும் உருப்படிக் கூலியை எண்ணிப் பாருங்கள். ஒரு தையலுக்கு 5 ரூபாய் என்றிருந்தது, ஒரு மாதத்தின் முதல் நாளிலிருந்து 6 ரூபாய் ஆயிற்று என்க. கூலிக் காட்சியை எழுதியவர் உருப்படிகளை நடப்பு விலையால் மட்டும் பெருக்கினால், சென்ற மாதக் கூலியும் 6 ரூபாய்க் கணக்கில் தோன்றும். விலை குறைந்திருந்தாலோ, உழைத்துப் பெற்ற பணத்தையே கூடுதலாகப் பெற்றதாகக் காட்டும்! பொறி பிழை செய்யவில்லை. கேட்ட வினா பிழையானது. ஒவ்வொரு விலையும் எந்நாள் முதல் நடைமுறைக்கு வந்தது என்பதை அட்டவணையில் பதிந்து, தைத்த நாளுக்குரிய விலையைத் தேர்ந்தெடுக்குமாறு காட்சியை எழுதுவதே முறை.

கணிப்பொறிக் கல்வி பயிலும் நண்பர்களே! நாளை உங்களில் எவரேனும் இத்தகைய ஒரு வரியை எழுதக்கூடும். அவ்வரியின் மறுபுறத்தில், வார இறுதியில் கூலியை எண்ணி, வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் பங்கிடும் ஒரு தாய் இருக்கிறார் என்பதை மறவாதீர். முதலாளிக்கும் கணக்கருக்கும் சாளரம் அமைப்பவர், அவருக்கும் ஒன்று அமைத்தல் வேண்டும். எந்நாளில் எத்தனை தைத்தார், என்ன விலை, என்ன கூலி என அவர் தம் வரிகளைத் தாமே காணட்டும். பிழை நேர்ந்தால் முதலிற் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். தம் உழைப்பின் கணக்கை அவரினும் நன்கறிந்தவர் வேறு யாவர்?