எஜமான் கத்தியும் அடிமையின் கையும்

(பெரம்பலூர், அரியலூர் தாலுக்காக் கூட்டங்களில் பேசியதின் சுருக்கம்)



இன்று ஒரு வெள்ளைக்கார நாடகக் கதையைச் சொல்லப் போகிறேன். சோளக்கொல்லையிலும் வரகுக்காட்டிலும் பாடுபடுகிற நமக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்று கேட்பீர்கள். முழுதும் கேட்டபின், இது நம்மூர்ச் சங்கதியா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கி.மு. 44-ல் ரோமாபுரியில் ஜூலியஸ் சீசரைச் சில பெரிய மனிதர்கள் கூடிக் குத்திக் கொன்றார்கள். அவன் ராஜாவாகி நம்மையெல்லாம் அடிமையாக்கி விடுவான் என்பது அவர்கள் சொன்ன காரணம். இதை வைத்து ஷேக்ஸ்பியர் 1599-ல் நாடகம் எழுதினார். அதில் கொலை முடிந்ததும் சுதந்திரம் வந்துவிட்டதென்று வீதியெல்லாம் கூவச் சொல்லுகிறார்கள்.

சரி, அந்தக் கூட்டத்துக் காஷியஸிடம் யார் இருந்தான் தெரியுமா? பிண்டாரஸ் என்ற அடிமை! பார்த்தியா தேசத்துச் சண்டையில் பிடிபட்டவன். உயிரை விட்டு வைக்கிறேன், நான் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டும் என்று சத்தியம் வாங்கியே அவனை வைத்திருந்தான். பிறகு யுத்தத்தில் எல்லாம் போயிற்றென்று நினைத்த காஷியஸ், அந்தச் சத்தியத்தை ஞாபகப்படுத்தி, இந்தக் கத்தியால் என்னைக் குத்து, உனக்கு விடுதலை என்கிறான். சீசரைக் குத்தின அதே கத்தி! பிண்டாரஸ் குத்தினான். என் இஷ்டப்படி நடக்க முடிந்திருந்தால் விடுதலையை இவ்விதம் அடைந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ரோமர் கண் படாத தூரத்துக்கு ஓடிப் போனான்.

புரூட்டஸ் நல்ல எஜமானாயிற்றே என்பார்கள். உண்மைதான். வேலைக்காரப் பையன் லூசியஸ் வாத்தியம் வாசிக்கும்போதே தூங்கிவிட்டால் எழுப்பாமல் விடுவான். அவன் சாகும்போது ஸ்டிராட்டோ என்ற வேலைக்காரன் கத்தியைப் பிடித்துக் கொள்ள, அதில் பாய்ந்து செத்தான். உடனே ஜெயித்த ஆக்டேவியஸ் வந்து, புரூட்டஸின் ஆட்களை நானே வைத்துக் கொள்ளுகிறேன் என்கிறான். ஸ்டிராட்டோவும் சரியென்கிறான். எஜமான் மாறினான், ஊழியம் மாறவில்லை. எஜமான் நல்லவனாயிருப்பது அவன் மனதைப் பொறுத்தது. நமக்கு வேண்டியது தயவல்ல, உரிமை.

ரோமானியன் தன் அடிமையை முறைப்படி விடுவித்தால் அவன் குடிமகனானான். பின் பிறந்த பிள்ளை சுதந்திரப் பிள்ளை. நம் நாட்டிலோ விடுவித்தாலும் ஜாதி விடவில்லை! ஆதிதிராவிட மக்களைப் பண்ணையடிமைகளாக நிலத்தோடு சேர்த்து விற்றார்கள். அடிமையைச் சொத்தாகக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளக் கூடாதென்று 1843-ல் சட்டம் வந்தது. 1862-ல் அமுலுக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வியாபாரத்தைக் குற்றமாக்கிற்று. பலனென்ன? சங்கிலி போன இடத்தில் கடன் வந்தது. கலியாணத்துக்கும் சாவுக்கும் வாங்கின சில்லறைக் கடனுக்குத் தகப்பனுக்குப் பின் மகன் படியாளானான். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. படியாள் கடனை அது தொடவில்லை. 1952-ல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமோ தஞ்சாவூர் ஜில்லாவுக்குத்தான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்குப் போதித்தார்கள். நினைப்போம்! ஆனால் உழுது, விதைத்து, களத்தில் தூற்றி, எஜமான் வீட்டுக் குதிரில் கொட்டினது யார்? அப்படியானால் யார் சோற்றை யார் தின்றது? செஞ்சோற்றுக் கடன் யாருக்கு யார் பட்டது? கணக்கைத் திருப்பிப் பாருங்கள்.

தோழர்களே! 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. அப்படி வேலை வாங்குகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக் கொண்டு போய்த் திரும்ப முடியாமல் உங்கள் தெருவில் யாராவது அகப்பட்டிருந்தால், விதியென்று அழ வேண்டாம், விசுவாசமென்று பொறுக்கவும் வேண்டாம். கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். படிக்கத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள், நாலு பேர் கூடப் போங்கள்.

எஜமான் சாகும் நாளில் கிடைத்தது பிண்டாரஸின் விடுதலை. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.