சிவப்பு மேசை ஆணா, பெண்ணா?

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வயதில் ஸ்பானிஷ் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். என் மகன் குடும்பம் மெக்சிகோவில் இருக்கிறது. பேத்திக்கு ஆறு வயது. வீடியோ காலில் வருவாள், "நல்லா இருக்கேன் அப்பத்தா" என்பாள், உடனே போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். அவளுக்குத் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. சரி, அவள் பேசும் மொழியை நாம் படிப்போம் என்று நிறங்களில் தொடங்கினேன்.

சிவப்பு ரோஹோ, மஞ்சள் அமரியோ, வெள்ளை பிளாங்கோ, கறுப்பு நெக்ரோ, பச்சை பெர்தே, நீலம் அசுல். ஆறே சொற்கள். மனப்பாடம் செய்துகொண்டு, சிவப்பு மேசையைக் காட்டி "மேசா ரோஹோ" என்றேன். பேத்தி சிரித்துவிட்டாள். "ரோஹோ இல்ல அப்பத்தா, ரோஹா!"

நமக்கு மேசை அஃறிணை, அவ்வளவுதான். ஆண்பால், பெண்பால் எல்லாம் உயர்திணைக்கு மட்டுமே. ஸ்பானிஷில் உயிரற்ற பொருளின் பெயருக்கும் பால் உண்டு. மேசை பெண்பால்: லா மேசா. அலமாரி ஆண்பால்: எல் அர்மாரியோ. இரண்டும் காதுக்குப் பழகியவையாக இருக்கின்றன அல்லவா? ஸ்பானிஷுக்கு நெருங்கிய உறவான போர்ச்சுகீசிய மொழி வழியாக நம்மிடம் வந்த சொற்கள் அவை. மேசையில் பெண்மை எங்கே என்று தேடாதீர்கள். பால் என்பது அங்கே சொல்லுக்கு உரியது, பொருளுக்கு அல்ல.

நிறச்சொல் பெயருக்குப் பின்னால் வரும். 'ஓ'வில் முடியும் நிறம், பெண்பால் பெயரோடு சேர்ந்தால் 'ஆ'வில் முடியும்: எல் அர்மாரியோ ரோஹோ, லா மேசா ரோஹா. பெர்தேயும் அசுலும் பாலுக்காக மாறுவதில்லை.

பெயர்ச்சொற்களிலும் பெரும்பாலும் 'ஓ' ஆண்பால், 'ஆ' பெண்பால். ஆனால் கை லா மானோ, நாள் எல் தீயா! அதனால் எந்தப் பெயரையும் எல், லா சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

பயிற்சிக்கு நம் சித்தன்னவாசல் போதும். விதானத்தில் உள்ள தாமரைக்குளத்தைப் பாருங்கள். பூ லா ஃப்ளோர், பச்சை இலை லா ஓஹா பெர்தே, மீன் எல் பெஸ், யானை எல் எலெஃபாந்தே. பிள்ளைகளோடு ஒவ்வொன்றுக்கும் நிறம் சேர்த்துச் சொல்லிப் பழகலாம்.

ஒருநாள் பேத்தி, "அப்பா வந்துட்டா" என்றாள். இப்போது சிரிப்பது என் முறை. பிறகுதான் யோசித்தேன். வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் ஸ்பானிஷில் 'பீனோ' என்ற ஒரே சொல். நமக்கோ நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு, எல்லாமே 'நல்ல'தான். நாம் வினையில் பால் காட்டுகிறோம், அவர்கள் நிறத்தில் காட்டுகிறார்கள். அவள் வினையில் தடுக்கினாள், நான் நிறத்தில் தடுக்கினேன்.

இப்போது அவள் என்னைத் திருத்துகிறாள், நான் அவளைத் திருத்துகிறேன். அரை மணி நேரம் போவதே தெரிவதில்லை.

உங்கள் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்தால், அவர்கள் மொழியில் ஒரு நிறத்தைச் சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. திருத்துகிற சாக்கில் பிள்ளை நம்மோடு பேசும்.