மிக்சருக்கு மின்சாரம்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் ரயில் பாதையில், தாபோடியை அடுத்து வரும் நிலையம் கசார்வாடி. 2022ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயிலும் அங்கே நின்று செல்கிறது. தொழிற்சாலைகளை நம்பி ஊர் விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. பொங்கல் விழா என்றும், பஜனை என்றும், ஆடிக் கூழ் என்றும் நம்மவர் கூடுமிடத்தில் மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் இரா. அவற்றின் பொறுப்பைப் பெரும்பாலும் நம்மில் ஆர்வமுள்ள ஓர் இளைஞரே ஏற்கிறார். அவரை எண்ணியே இன்று பேசுகிறோம்.

மிக்சர் என்னும் ஒலிக் கலப்பிக்கு உள்ளே தேவைப்படுவது சிறிய மின்னழுத்தமே. நம் வீட்டுக்கு வரும் மின்சாரமோ 230 வோல்ட். இடையில் நிற்பது மின்வழங்கி. அதிலுள்ள மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. திருத்தி அதனை ஒருதிசை மின்சாரமாக்குகிறது. மின்தேக்கிகள் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த கருவியாயின், பின்புறத்தில் 115 என்றும் 230 என்றும் குறித்த மாற்றுக்குமிழ் உண்டா என்று முதலில் காணவேண்டும். 115இல் வைத்துச் செருகினால் கருவி அன்றே பாழாகும். சிறிய மிக்சர்கள் பலவற்றின் அடாப்டர், ஒருதிசை மின்சாரத்தையன்றி மாறுதிசை மின்சாரத்தையே தருகிறது. ஆகவே முளை பொருந்துகிறது என்பதற்காக வேறோர் அடாப்டரைச் செருகலாகாது; அதன்மேல் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர், மின்சாரத்தின் வகை ஆகிய மூன்றும் ஒத்திருக்கவேண்டும்.

நாம் அழுத்திக் கூற விரும்புவது எர்த் கம்பியைப் பற்றி. நம் நாட்டு மூன்றுமுனைச் செருகியில் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீண்டும் தடித்தும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். செருகும்போது அதுவே முதலில் இணையவேண்டும், பிடுங்கும்போது அதுவே கடைசியில் விலகவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்தனர். அத்தகைய முனையைச் சிலர் வெட்டியெறிகின்றனர், அல்லது கம்பியை உள்ளே கழற்றிவிடுகின்றனர். காரணம் கேட்டால், "உம்மென்ற இரைச்சல் நின்றுவிடுகிறது" என்பார்கள். நிற்பது உண்மைதான். அந்த உண்மையே ஆளை ஏமாற்றுகிறது.

இரைச்சல் எங்ஙனம் பிறக்கிறது? மிக்சர் ஒரு பிளக்கிலும், பெருக்கி மண்டபத்தின் மறுகோடியிலுள்ள வேறொரு பிளக்கிலும் இருக்கும். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வேற்றுமையால் ஒரு சிறு மின்னோட்டம் ஒலிக்கம்பியின் மேலுறை வழியாகச் சுற்றுகிறது. அதுவே இரைச்சலாகக் கேட்கிறது. சுமை தாங்குமாயின் இரண்டு கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். அடங்காவிடில் ஒலிக்கம்பியின் இடையே தனிப்படுத்தும் மின்மாற்றி ஒன்றைச் சேர்க்கலாம். ஒலிக்கம்பியின் உறையைத் துண்டிப்பது வேறு, மின்சாரத்தின் எர்த்தைத் துண்டிப்பது வேறு. முன்னதால் காது பிழைக்கிறது. பின்னதால் ஆள் சாகலாம்.

எங்ஙனம் என்பீர்கள். ஒலிவாங்கியின் உலோக உடல், கம்பியின் உறை வழியாக மிக்சரின் பெட்டியோடு இணைந்தது. மின்வழங்கியினுள் தோல் தேய்ந்த ஒரு கம்பி பெட்டியைத் தொட்டால், எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டும் பாடுபவரின் உதட்டருகே வந்து நிற்கும். அவர் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்றால் மேற்கொண்டு சொல்லவேண்டியதில்லை. பக்தியின் பொருட்டு நம் பாடகர்கள் செருப்பணிவதில்லை என்பதையும் நினைவில் கொள்க. 1972ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், ஸ்டோன் த குரோஸ் என்னும் ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகர மேடையில் எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி மாண்டார்.

எர்த் இருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. பிளக்கில் மூன்றாவது துளை இருப்பதனால் மட்டும் அதன் பின்னே கம்பி இருக்கிறது என்று கொள்ளலாகாது. மின்பணியாளர் ஒருவர் வோல்ட்மீட்டரால் சோதிக்கட்டும்: உயிர்க்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 அளவும், உயிர்க்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவும் காட்டவேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டே காட்டவேண்டும். இதனுடன் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுந்துவிடும் பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று அது ஓயாமல் பார்க்கிறது. வேறுபட்டால், அந்த வேற்றுமை ஒருவர் உடல் வழியாகச் செல்கிறதோ என்று ஐயுற்று அக்கணமே துண்டிக்கிறது. உருகியால் இது ஆகாது. உருகி கம்பியைக் காக்குமேயன்றி மனிதரைக் காக்கப் போதாது.

பந்தல்களில் மற்றோர் ஆபத்துண்டு. மும்முனை மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும்போது நியூட்ரல் கம்பி தளர்ந்துவிட்டால், ஒரு பக்கத்தில் அழுத்தம் 230இலிருந்து 400 வோல்ட்டை அண்டி எழும்பும். மிக்சர், பெருக்கி, விளக்கு அனைத்தும் ஒருங்கே கருகும். புனேயில் விநாயக சதுர்த்தி மழைக்காலத்திலேயே வருகிறது. ஆதலால் முறுக்கிக் கட்டிய இணைப்புகளைத் தரையில் கிடத்தாமல், முறையான பெட்டியில் அடைத்து உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

மின்வழங்கியைச் சமுக்காளத்தின்கீழ் மறைத்து வைக்காதீர்கள். அதற்குக் காற்று வேண்டும். ஒலிவாங்கிக் கம்பிகளினின்று சற்று விலக்கியும் வையுங்கள். மிக்சரை முதலில் போட்டுப் பெருக்கியைப் பிறகு போடுங்கள். அணைக்கும்போது பெருக்கியே முதலில். இரவு 10 மணிக்கு அணைத்தாக வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு விதி என்பதால், விழாவின் முடிவில் அவசரம் மிகும். அந்த அவசரத்தில், செருகியைப் பிடுங்கிவிட்டோமே என்று மின்வழங்கியின் மூடியைத் திறந்து பார்க்கலாகாது. உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் அதன்பின்னும் நெடுநேரம் மின்சாரத்தைத் தாங்கியிருக்கும். பழுதெனில் பெட்டியை மூடியபடியே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.